விர்ச்சுவல் மெஷின் பூட் ஆகவில்லையா? எங்கே நின்றது என்று பாருங்கள்

விர்ச்சுவல் மெஷின் (நிஜக் கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) பூட் ஆகவில்லை என்றதும் பலர் அதை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம், பெரும்பாலும் உள்ளே இருக்கும் தரவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பூட் என்பது ஒருவர் எழுந்து அடுத்தவரை எழுப்பிவிடுகிற வேலை: கணினியில் முதலில் ஓடும் ஃபர்ம்வேர் பூட்லோடரை எழுப்பும், பூட்லோடர் இயங்குதளத்தின் மையமான கர்னலை எழுப்பும், கர்னல் டிஸ்க்கைத் தேடிப் பிடித்து மற்றதையெல்லாம் கிளப்பும். இதில் யார் எழவில்லை என்பதைத் திரையே சொல்லிவிடும்.

மெஷின் தொடங்கவே மறுத்து, விடி-எக்ஸ் (விர்ச்சுவல் மெஷினை ஓட்ட இன்டெல் ப்ராசஸர் தரும் வசதி) இல்லை என்று செய்தி வந்தால், கோளாறு வெளியே இருக்கும் நிஜக் கணினியில். அதன் பயாஸில், அதாவது ஃபர்ம்வேர் அமைப்பில், அந்த வசதி அணைந்திருக்கும், அல்லது விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் மென்பொருளான ஹைப்பர்-வி அதைப் பிடித்து வைத்திருக்கும்.

தொடங்குகிறது, ஆனால் கறுப்புத் திரையில் 'பூட் செய்ய டிஸ்க் இல்லை' என்கிறது. டிஸ்க் கோப்பு இணைந்துதான் இருக்கிறது, பிறகு ஏன்? பழைய பயாஸ், டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படித்து, கடைசி இரண்டு பைட் 55, ஏஏ என்று இருந்தால் அதை அப்படியே ஓட்டிவிடும். பயாஸுக்குப் பின் வந்த புதிய ஃபர்ம்வேரான யுஇஎஃப்ஐ அந்தப் பக்கம் போகாது, அது தனியாக ஃபேட் வடிவில் இருக்கும் ஒரு பார்ட்டிஷனை (டிஸ்க்கின் ஒரு பகுதியை) தேடி அதில் இருக்கும் இஎஃப்ஐ கோப்பை ஓட்டும். யுஇஎஃப்ஐ முறையில் நிறுவிய டிஸ்க்கைப் பயாஸ் முறையில் திறந்தால் அது தேடும் இடத்தில் ஒன்றும் இருக்காது. விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் இதைச் சரிசெய்ய, இஎஃப்ஐ என்ற இடத்தில் ஒரு டிக் போதும்.

என்னை அரை நாள் உட்கார வைத்தது இதற்கு அடுத்த கட்டம். வேறொரு மென்பொருளில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த லினக்ஸ் மெஷின் ஒன்றை, லினக்ஸிலேயே இருக்கும் விர்ச்சுவல் மெஷின் வசதியான கேவிஎம்முக்கு மாற்றினேன். லினக்ஸின் பூட்லோடரான கிரப்பின் மெனு வந்தது, கர்னல் வரிகள் ஓடின, அப்புறம் 'டைம்அவுட்' என்ற வரி திரும்பத் திரும்ப வந்து, கடைசியில் டிராகட் என்ற கருவியின் ஷெல்லில் (கட்டளை தட்டும் திரையில்) கொண்டுபோய் விட்டது. அங்கே, தெரிகிற டிஸ்க்குகளைப் பட்டியலிடும் பிஎல்கேஐடி என்ற கட்டளையைத் தட்டினேன். ஒரு வரிகூட வரவில்லை, அதாவது கர்னலுக்கு டிஸ்க்கே தெரியவில்லை!

அந்தக் கர்னலே அதே டிஸ்க்கிலிருந்துதானே வந்தது? ஆமாம், ஆனால் அதைப் படித்துக் கொடுத்தது கிரப். கிரப் ஃபர்ம்வேரின் தயவில் டிஸ்க்கைப் படிக்கும். கர்னல் எழுந்ததும் சொந்த டிரைவரைத்தான் நம்பும், கேவிஎம்மில் அது விர்ச்சுவல் டிஸ்க்குக்கென்றே உள்ள விர்ட்ஐஓ டிரைவர். அந்த டிரைவரோ டிஸ்க்குக்குள் இருக்கிறது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். இதற்காகவே கர்னலோடு இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்ன மூட்டை ஒன்றும் வரும். ஆனால் இடம் மிச்சம் பிடிக்க, அது உருவான மெஷினுக்கு என்ன டிரைவர் தேவையோ அதை மட்டும் டிராகட் அதில் கட்டுகிறது. பழைய வீட்டில், அதாவது பழைய மென்பொருளில், ஸ்கஸி என்ற வேறு வகை டிஸ்க், விர்ட்ஐஓவுக்கு அங்கே வேலையே இல்லை. (விண்டோஸில் இதே நோய் 7பி என்ற எண்ணோடு நீலத்திரையாக வரும்.)

கிரப் மெனுவின் அடியில் 'ரெஸ்க்யூ' என்று ஒரு வரி இருக்குமே, நாம் யாரும் தொடாத வரி, அதன் மூட்டையில் எல்லா டிரைவரும் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், நிறுவியிருந்த எல்லாக் கர்னலுக்கும் விர்ட்ஐஓவைச் சேர்த்து மூட்டையைக் கட்டச் சொன்னேன். ரீபூட் செய்தேன், டிஸ்க் தெரிந்தது.

சரி, முடிந்தது என்று நினைத்தால் மறுபடியும் நின்றது, 1 நிமிடம் 30 வினாடி எதற்கோ காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போய்விட்டது. எந்தெந்த டிஸ்க்கை எங்கே இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து பார்த்தேன். மற்ற வரிகளிலெல்லாம் யுயுஐடி என்ற மாறாத அடையாள எண், ஒரே ஒரு வரியில் மட்டும் யாரோ 'எஸ்டிபி1' என்று பெயர் போட்டு எழுதியிருந்தார்கள். யாரோ என்ன, நான்தான். விர்ட்ஐஓவில் அந்த டிஸ்க்கின் பெயர் விடிபி. எஸ்ஸை அழித்து வி போட்டேன், லாகின் திரை வந்தது.