கான்செர்ட் டாக்குமெண்டரி: இசையரங்க ஆவணப்படம்

ஒரு ராக் குழு மேடையேறிப் பாடுவதை முதலிலிருந்து கடைசிவரை படம்பிடித்தால் கிடைப்பது நிகழ்ச்சிப் பதிவு. மேடைக்குப் பின்னால் நடந்தவை, கூட்டத்துக்குள் நடந்தவை, அந்தக் குழு கடந்துவந்த காலம் ஆகியவையும் அதில் சேர்ந்தால்தான் அதைக் கான்செர்ட் டாக்குமெண்டரி என்று சொல்லலாம்.

'டாக்குமெண்ட்' இலத்தீனிலிருந்து வந்தது. கற்பித்தலைக் குறிக்கும் 'டோகெரே' என்ற வினையே வேர். 1926இல் சமோவாத் தீவு மக்களைப் பற்றிய 'மோனா' படத்துக்கு மதிப்புரை எழுதிய ஜான் கிரியர்சன், அதற்கு 'டாக்குமெண்டரி' மதிப்பு உண்டு என்றார். ஆங்கிலத் திரையுலகில் இச்சொல் அதன்பின் வேரூன்றியது. 'கான்செர்ட்' இசைந்து இயங்குதலைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லின் வழிவந்தது.

தமிழில் 'ஆவணப்படம்' மிகப் பொருத்தமான ஆக்கம். பெரியபுராணத்தில் சுந்தரரைத் தம் அடிமை என்று வழக்காடும் முதியவரிடம் திருவெண்ணெய்நல்லூர் அவையினர் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டச் சொல்கிறார்கள். ஆட்சி என்பது வழிவழி வந்த வழக்கம்; ஆவணம் எழுத்துச் சான்று; காட்சி கண்டவர் சொல்லும் சாட்சி. நல்ல இசை ஆவணப்படத்தில் இந்தக் கடைசி இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவை எடுத்துக்கொள்வோம். 1962இல் லண்டனில் தொடங்கிய குழு அது. 1969 டிசம்பர் 6 அன்று கலிபோர்னியாவின் ஆல்டமாண்ட் பந்தயத் திடலில் அவர்கள் பாடிக்கொண்டிருந்தபோது, மேடைக்கு எதிரிலேயே ஓர் இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். 1970இல் வெளியான 'கிம்மி ஷெல்டர்' படத்தில் அந்தக் காட்சி இருக்கிறது. படத்தொகுப்பு மேசையில் குழுவின் பாடகர் மிக் ஜாகர் அதைப் பார்க்கிறார். பின்னோக்கி ஓட்டி மறுபடியும் காட்டச் சொல்கிறார். அதே காட்சிச் சுருள் நீதிமன்றத்திலும் சான்றாகத் திரையிடப்பட்டது. ஆவணம் என்ற சொல்லின் முழு எடையையும் நான் உணர்ந்தது இந்தப் படத்தில்தான்.

அதே குழு, 2006இல் நியூயார்க்கின் பீக்கன் தியேட்டரில் பாடியதை மார்ட்டின் ஸ்கார்செசி 'ஷைன் எ லைட்' என்று எடுத்தார். படம் 2008இல் வெளிவந்தது. எந்தப் பாட்டு முதலில் வரும் என்று தெரியாமல் இயக்குநர் தவிப்பதும், பாடல் பட்டியல் கடைசி நொடியில் அவர் கைக்கு வருவதும் படத்தின் தொடக்கத்திலேயே உண்டு. இடையிடையே குழுவினரின் பழைய பேட்டிகளும் வருவதால் நாற்பது ஆண்டுக் காலம் அவர்கள் முகங்களில் தெரிகிறது.

'கச்சேரிப் படம்' என்று சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம், எல்லோருக்கும் புரியும். ஆனால் கச்சேரி, அரசு அலுவலகத்தையும் நீதிமன்றத்தையும் குறித்த இந்துஸ்தானிச் சொல். தாலுகா கச்சேரி என்ற பழைய வழக்கிலும், மயிலாப்பூர் கச்சேரி சாலையின் பெயரிலும் அந்தப் பொருளே நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் மாவட்டச் செயலகத்தை இன்றும் கச்சேரி என்பார்கள். அதனால் எழுத்தில் 'இசையரங்க ஆவணப்படம்' என்பதையே நான் விரும்புகிறேன்.

ராக், டாக்குமெண்டரி என்ற இரண்டையும் இணைத்த 'ராக்குமெண்டரி' என்ற சொல் இதனினும் விரிந்தது. மேடைக் காட்சியே இல்லாமல் ஒரு குழுவின் வரலாற்றை மட்டும் சொல்லும் படத்துக்கும் அப்பெயர் பொருந்தும். அதை 'ராக் இசை ஆவணப்படம்' என்று எழுதினால் போதும்.