ஒரே எடை, பாதி வெள்ளி

பாலக்கோட்டில் எங்கள் ஆயாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது மஞ்சள் துணி முடிச்சு ஒன்றில் ஒரு ரூபாய்க் காசுகள் இரண்டு கிடைத்தன. ஒன்றில் வெறுந்தலையும் தாடியுமாக ஏழாம் எட்வர்ட், ஆண்டு 1907. இன்னொன்றில் கிரீடம் வைத்த ஆறாம் ஜார்ஜ், 1944. இரண்டும் கறுத்திருந்தன. ஒரு நகைக்கடையில் காட்டினோம். தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, "இரண்டும் பழைய வெள்ளிதான், ஒரே விலை" என்றார் கடைக்காரர். விற்காமல் திரும்பி வந்தது நல்லதாகப் போயிற்று. எட்வர்ட் காசில் ஏறத்தாழ 10.7 கிராம் வெள்ளி இருக்கிறது. ஜார்ஜ் காசில் 5.8 கிராம்தான்.

வராகன் என்ற பொற்காசுக் கணக்கு போய், 1818இல் சென்னை மாகாணத்துக்கு வெள்ளி ரூபாய் அடிப்படையானது. 1835இல் கம்பெனி ஆட்சி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, மீதி செம்பு. சுத்த வெள்ளி மெத்தென்றிருக்கும். கைமாறிக் கைமாறியே தேய்ந்துவிடும். அதைக் கெட்டிப்படுத்தத்தான் அந்த ஒரு பங்கு செம்பு. இந்த எடை அவ்வளவு நம்பகமாக இருந்ததால் ரூபாயே எடைக்கல்லும் ஆயிற்று. மூன்று ரூபாய் எடை ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை. புளியும் மிளகாயும் அப்படித்தான் நிறுக்கப்பட்டன.

1940இல் போர்க்காலம். மக்கள் வெள்ளிக்காசைப் பதுக்கினார்கள், அரசாங்கத்துக்கு வெள்ளித் தட்டுப்பாடு வந்தது. ஒரு ரூபாய் நோட்டை மறுபடி வெளியிட்டதோடு காசின் தரத்தையும் குறைத்தார்கள்: வெள்ளி 50 சதவீதம், செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. செம்பு இவ்வளவு சேர்ந்தால் காசு சிவப்படிக்கும். அந்த நிறத்தை வெளுப்பதற்கு நிக்கலும் துத்தநாகமும் உதவின. எடையை மட்டும் மாற்றவில்லை, அதே ஒரு தோலா. தராசு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த இரண்டு காசுகளையும் பிரித்துச் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

தராசால் முடியாததைத் தண்ணீர் செய்துவிடும். ஒரு கன சென்டிமீட்டர் வெள்ளி 10.49 கிராம், செம்பு 8.96, நிக்கல் 8.9, துத்தநாகம் 7.14. வெள்ளி குறைந்து மற்றவை கூடும்போது, அதே எடைக்கு உலோகம் கூடுதலாக இடம் பிடிக்கும். அந்த இடத்தைத்தான் அளக்க வேண்டும்.

நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு ஒன்று போதும். முதலில் காசை உலர்வாக நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எண்ணைப் பூச்சியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். காசின் பாரம் உங்கள் கையில் இருக்கிறது. ஆனாலும் தராசு ஓர் எண்ணைக் காட்டும். காசைத் தண்ணீர் மேலே தள்ளுகிறது, அதே அளவுக்குக் காசு தண்ணீரைக் கீழே அழுத்துகிறது. அந்த எண், காசு விலக்கிய தண்ணீரின் எடை. தண்ணீர் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு கிராம் என்பதால் காசின் கன அளவும் அதுவே.

எங்கள் எட்வர்ட் காசு தேய்ந்து 11.52 கிராம் இருந்தது. தண்ணீரில் தராசு காட்டியது 1.12. எடையைக் கன அளவால் வகுத்தால் 10.3. ஜார்ஜ் காசு 11.60 கிராம், தண்ணீரில் 1.22, வகுத்தால் 9.5. கலவைக் கணக்குப்படி வர வேண்டியவை 10.34, 9.53. காசு தேய்ந்திருப்பதால் விடை கெடாது, ஏனென்றால் எடையும் கன அளவும் சேர்ந்தே குறைகின்றன. முதல் தடவை எங்களுக்குத் தப்பாக வந்தது. ராஜாவின் காதோரத்தில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டிருந்தது. காசைச் சோப்புத் தண்ணீரில் கழுவி மறுபடி முக்கியபோது சரியாக வந்தது.

உரைகல்லையும் கடைகளில் உள்ள எக்ஸ்ரே கருவியையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டும் மேல்தோலைத்தான் பார்க்கின்றன. செம்பு கலந்த வெள்ளியைக் காற்றில் சூடாக்கி அமிலத்தில் முக்கினால், மேற்பரப்பில் உள்ள செம்பு கருகிக் கரைந்து போய்விடும், வெள்ளி மட்டும் படலமாக நிற்கும். அப்படிப்பட்ட பொருளை எக்ஸ்ரே கருவியில் வைத்தால் தரம் உள்ளதைவிட உயர்வாகத் தெரியும். தண்ணீர் முழுக் காசையும் சேர்த்துச் சொல்கிறது. அதற்கும் ஓர் ஓட்டை உண்டு. ஈயம் வெள்ளியைவிடக் கனமானது. ஈயத்தை அளந்து கலந்து போலி செய்தால், 10.3 என்ற எண்ணைக் கொண்டுவந்துவிடலாம். அந்தச் சந்தேகம் இருந்தால் மட்டும் கருவியிடம் போங்கள்.

1947இல் புலி பொறித்து வந்த ரூபாய்க்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். அது முழுக்க நிக்கல், காந்தத்தில் ஒட்டும். வெள்ளிக்காசு ஒட்டாது.

போரின் கடைசி ஆண்டுகளில் நாணயம் அடிப்பதற்காக அமெரிக்காவிடமிருந்து சுமார் 22.6 கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்தியா கடனாக வாங்கியது. பணமாக இல்லை, வெள்ளியாகவே திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். அதனால் சுதந்திரத்துக்குப் பிறகு பாதி வெள்ளிக் காசுகளைத் திரும்பப் பெற்று, உருக்கி, செம்பையும் நிக்கலையும் பிரித்தெடுத்து, வெள்ளியைக் கடல் கடத்தி அனுப்பினார்கள். அந்த உலைக்குப் போகாமல் தப்பிய காசுகளில் ஒன்று, 1944 என்ற ஆண்டோடு, இன்னும் ஆயாவின் மஞ்சள் துணியில்தான் இருக்கிறது.