தண்ணீர் பாட்டிலுக்கு டெபாசிட்: எவ்வளவு என்பது இருக்கட்டும், எங்கே திருப்பிக் கொடுப்பது?

டாஸ்மாக் கடையில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டம் மாவட்டம் மாவட்டமாகப் பரவத் தொடங்கியதிலிருந்து, நான் போகிற உள்ளாட்சிக் கூட்டங்களில் யாராவது ஒருவர் எழுந்து இதைக் கேட்டுவிடுகிறார்: "சரக்கு பாட்டிலுக்கு முடிகிறதென்றால் தண்ணீர் பாட்டிலுக்கும் செய்ய வேண்டியதுதானே சார்?" திடக்கழிவுத் திட்டங்களில் பேரூராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் ஆலோசனை சொல்வது என் தொழில். செய்ய வேண்டும் என்ற கட்சிதான் நானும். ஆனால் டாஸ்மாக்கை அப்படியே நகல் எடுத்தால் ஆறு மாதத்தில் படுத்துவிடும்.

டாஸ்மாக் திட்டம் 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கியது. காட்டில் உடைந்து கிடக்கும் கண்ணாடி பாட்டில்கள் யானை முதலான விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த அழுத்தம்தான் காரணம். பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், விலைக்கு மேல் 10 ரூபாய் வாங்குவார்கள், காலி பாட்டில் வந்ததும் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். மலையில் விற்ற பாட்டில்களில் பெரும்பகுதி திரும்பி வந்தது. ஏன் வந்தது? 10 ரூபாய் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், விற்பவர் ஒரே ஒருவர், அதுவும் அரசு. எங்கே வாங்கினோமோ அங்கேயே திருப்பலாம் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. "எங்கள் கடையில் வாங்கினதில்லை, போங்க" என்று சொல்ல வேறு கடையே கிடையாது. அப்படி இருந்தும், காலி பாட்டிலை அடுக்க இடமில்லை, கூடுதல் ஆள் இல்லை, ஸ்டிக்கர் ஒட்டவே நேரம் போகிறது என்று கடை ஊழியர்கள் போராட்டம் வரை போனார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பாட்டில் திரும்பி வந்தால் அதை வாங்கி, எண்ணி, அடுக்கி வைப்பது ஒரு வேலை. அந்த வேலைக்குக் கூலி வைக்காத எந்தத் திட்டமும் கடைக்காரர் தலையில்தான் விடியும்.

தண்ணீர் பாட்டில் கதையே வேறு. பெட்டிக்கடை, டீக்கடை, பேருந்து நிலையம், ரயில் பெட்டி, பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், கோயில் வாசல் என்று விற்காத இடமில்லை. தயாரிப்பாளர்களும் நாடு முழுக்க விற்கும் பெரிய பிராண்டிலிருந்து, பக்கத்துத் தாலுகாவில் இரண்டு ஆர்.ஓ. இயந்திரம் போட்டு ஓட்டுபவர் வரை இருக்கிறார்கள். சென்னையில் வாங்கிய பாட்டில் திண்டிவனத்தில் பாதி குடிக்கப்பட்டு ஏற்காட்டில் வீசப்படும். யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

பாட்டிலின் மதிப்பையும் பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் பெட் பாட்டில் (PET, தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்) ஏறக்குறைய 20 கிராம் இருக்கும். பழைய இரும்புக் கடையில் கிலோ 20 ரூபாய் என்று வைத்தால் (ஏறும், இறங்கும்) ஒரு பாட்டிலுக்கு 40 பைசா. அதனால்தான் நகரங்களில் ஒரு லிட்டர் பாட்டில் தெருவில் அதிக நேரம் கிடப்பதில்லை. யாராவது சாக்கோடு வந்து எடுத்துவிடுவார். "இந்தியாவில் பெட் பாட்டில் ஏற்கனவே நன்றாகத்தான் சேகரமாகிறது, டெபாசிட் எதற்கு?" என்று தொழில்துறையினர் வாதாடுவதும் இதை வைத்துத்தான். நகரத்தில், பெரிய பாட்டிலைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மை.

ஆனால் உள்ளாட்சிகள் குப்பையைத் தரம் பிரிக்கும் வளம் மீட்பு பூங்காவில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் வராத பாட்டில்கள் எவை என்று தெரியும். கல்யாணத்தில் கொடுக்கும் 200, 300 மில்லி குட்டி பாட்டில்தான் முதலில். அது 10 கிராமைச் சுற்றித்தான் இருக்கும், பொறுக்கினால் 20 பைசா. குனிவதற்கே கட்டாது. அப்புறம் மலைச்சாலை ஓரம், அருவி, காட்டு ஓடை. அங்கே பொறுக்க ஆளே போவதில்லை. டெபாசிட் வேண்டியது இந்த இரண்டுக்கும்தான். மகாராஷ்டிரா 2018 மார்ச்சில் பிளாஸ்டிக் தடையோடு சேர்த்து பாட்டில் திருப்பும் விலையை அறிவித்தபோது, ஒரு லிட்டருக்கு 1 ரூபாய், அரை லிட்டருக்கு 2 ரூபாய் என்று தலைகீழாக வைத்தது. பலர் சிரித்தார்கள். எனக்கு அது சரியான யோசனையாகத்தான் பட்டது. கெட்டது வேறு இடத்தில். பாட்டிலை வாங்கிக்கொள்ளும் இடங்களையும் இயந்திரங்களையும் யார் வைப்பது, செலவை யார் ஏற்பது என்பது முடிவாகாமலே அறிவிப்பு வந்தது. பெட்டிக்கடையில் போய்க் கேட்டால் கடைக்காரர் விழித்தார். திட்டம் வேரூன்றவே இல்லை.

ஜெர்மனியில் இதே விஷயம் எப்படி நிலைத்தது என்று பாருங்கள். 2003 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பாட்டில், கேன்களுக்கு அங்கே கட்டாய டெபாசிட் வந்தது, இன்றைக்கு 25 சென்ட். முதல் சில வருடங்கள் ஒரே களேபரம். ஒவ்வொரு சங்கிலிக் கடையும் தன் பாட்டிலை மட்டும் வாங்கியது, பெரிய தள்ளுபடிக் கடைகள் தங்களுக்கென்று தனி வடிவத்தில் பாட்டில் செய்து, மற்றதை நிராகரித்தன. 2006 மே மாதத்தில் அந்த ஓட்டையை அடைத்தார்கள். பெட் பாட்டில் விற்கும் கடை, யார் விற்ற பெட் பாட்டிலாக இருந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றானது, சின்னக் கடைகளுக்கு மட்டும் சலுகை. டெபாசிட் தொகையை ஏற்றவில்லை, திருப்பும் இடத்தைத்தான் அகலப்படுத்தினார்கள். இன்று அங்கே கிட்டத்தட்ட எல்லாப் பாட்டிலும் திரும்பி வருகிறது.

அமெரிக்காவில் ஒரு விசித்திரம். ஒரிகன் 1971லேயே பாட்டில் டெபாசிட் சட்டம் போட்டது, மிச்சிகன் 1976இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி 10 சென்ட் வைத்தது. ஆனால் இந்தச் சட்டங்கள் பீருக்கும் சோடாவுக்கும் எழுதப்பட்டவை. தண்ணீரை பாட்டிலில் அடைத்து விற்பார்கள் என்று அப்போது யார் நினைத்தார்கள்? மிச்சிகனில் வாயு கலந்த பானத்துக்கு டெபாசிட் உண்டு, சாதாரணத் தண்ணீர் பாட்டிலுக்கு இல்லை. ஒரிகனும் நியூயார்க்கும் 2009இல்தான் தண்ணீரைச் சேர்த்தன. மாசசூசெட்ஸில் 2014இல் தண்ணீரைச் சேர்க்கலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். பானக் கம்பெனிகள் பெரும் பணம் செலவழித்து எதிர்த்துப் பிரசாரம் செய்தன, மக்களும் பெரும்பான்மையாக வேண்டாம் என்றார்கள்.

அந்தப் பிரசாரத்தின் சாரம் நம் ஊருக்கும் தெரிந்ததுதான்: "உங்கள் பையிலிருந்து இன்னும் பணம் எடுக்கிறார்கள்." தமிழ்நாட்டில் இது இன்னும் எளிதாக எடுபடும். பாட்டிலுக்கு 10 ரூபாய் என்றாலே, எம்.ஆர்.பி.க்கு மேல் 10 ரூபாய் வாங்குகிறார்கள் என்ற அந்தப் பழைய டாஸ்மாக் புகார்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. பேருந்து நிலையக் கடைகளில் 'கூலிங் சார்ஜ்' என்று இரண்டு ரூபாய் கூடக் கொடுத்துப் பழகியவர்களிடம், இது திரும்பி வரும் பணம் என்று சொன்னால் சட்டென்று நம்புவார்களா? நம்பிக்கை வர வேண்டுமென்றால் டெபாசிட் லேபிளில் விலைக்குப் பக்கத்தில் தனி வரியாக அச்சாக வேண்டும். வாய்வார்த்தை போதாது.

கொடைக்கானலில் 2024லிருந்து 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலோடு வந்தால் 20 ரூபாய் பசுமை வரி. நீலகிரியில் 2019 ஆகஸ்டிலிருந்து சின்ன பாட்டில்களுக்குத் தடையும், மாற்றாகத் தண்ணீர் ஏ.டி.எம்.களும். இரண்டையும் டெபாசிட் என்று நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். வரி கட்டியவர், கட்டிவிட்டோமே என்ற உரிமையோடு பாட்டிலை வீசிவிட்டுப் போகலாம், அவருக்கு அதைத் திருப்பிக் கொண்டுவரக் காரணமே இல்லை. தடையும் மலையில் விற்பனையைத்தான் அடக்குகிறது. சமவெளியில் வாங்கி கார் டிக்கிக்குள் வைத்துக் கொண்டுவருவதை, சோதனைச் சாவடியில் பிடித்த அளவுக்குத்தான் பிடிக்க முடியும். கேதார்நாத்தில் 2022இல் பாட்டிலுக்கு 10 ரூபாய் டெபாசிட்டும், ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு கியூஆர் கோடும் வைத்துத் தொடங்கிய திட்டம் டெபாசிட்டின் தர்க்கத்தைச் சரியாகப் பிடித்தது. யாத்திரைக்கு ஏறும் வழியும் இறங்கும் வழியும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது அதற்குக் கூடுதல் வசதி.

ஒரு தொழில்நுட்பச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், கூட்டங்களில் இதை யாரும் பேசுவதில்லை. நம் பாட்டில்களில் 'பயன்படுத்திய பின் நசுக்கவும்' என்று அச்சடித்திருப்பார்கள். காலி பாட்டிலில் குழாய்த் தண்ணீர் பிடித்து மறுபடி விற்கும் மோசடியைத் தடுக்கத்தான் அது. டெபாசிட் இயந்திரமோ பாட்டிலின் வடிவத்தையும் பார்கோடையும் படித்துத்தான் பணம் தரும், நசுங்கினால் துப்பிவிடும். ஆக, டெபாசிட் வருகிற நாளில் அந்த வாசகம் போக வேண்டும். போலித் தண்ணீரைப் பிடிக்க வேறு வழி வேண்டும். எல்லாப் பாட்டிலுக்கும் ஒரே பார்கோடு போட்டால், நகலெடுத்து ஒட்டிப் பணம் வாங்குவதும் நடக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கோடு என்றால் சின்னக் கம்பெனிக்குச் செலவு. டெபாசிட் தமிழ்நாட்டில் மட்டும் என்றால் ஓசூர் வழியாகவும் வாளையார் வழியாகவும் டெபாசிட் கட்டாத காலி பாட்டில் லாரி லாரியாக உள்ளே வரும். மிச்சிகனில் பக்கத்து மாநிலப் பாட்டிலைக் கொண்டுவந்து பணம் வாங்குவது சட்டப்படி குற்றம். அவர்களுக்கும் அந்தத் தலைவலி இருந்தது.

தொழில்துறை எதிர்ப்பு அப்படியே நீடிக்கும் என்று நான் நினைக்கவில்லை. 2022 பிளாஸ்டிக் விதிகள், பாட்டில், டப்பா மாதிரியான கெட்டி பிளாஸ்டிக் பொட்டலங்களில் 2025-26இல் 30 சதவீதமும் 2028-29க்குள் 60 சதவீதமும் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தன. குப்பையோடு கலந்து, சாம்பார் ஊறி வரும் பெட் பிளாஸ்டிக்கிலிருந்து பாலியஸ்டர் நூல் செய்யலாம். மறுபடியும் தண்ணீர் பாட்டில் செய்யச் சுத்தமான சரக்கு வேண்டும், அது டெபாசிட்டில்தான் நிறையக் கிடைக்கும். கம்பெனிகளுக்கு இது தெரியாமலில்லை. யார் செலவு செய்வது என்பதுதான் இழுபறி.

அந்த இழுபறியில் எல்லோரும் மறக்கும் ஒரு பணம் இருக்கிறது: திரும்பி வராத பாட்டில்களின் டெபாசிட். நூற்றுக்கு இருபது பேர் திருப்பாவிட்டாலும் அது பெரிய தொகை. ஜெர்மனியில் அது தொழில்துறையிடமே நிற்கிறது. நியூயார்க் 80 சதவீதத்தை அரசுக்கு எடுத்துக்கொள்கிறது, மிச்சிகன் 75 சதவீதத்தை அரசுக்கும் மீதியைக் கடைக்காரர்களுக்கும் தருகிறது. அந்தப் பணம் தயாரிப்பாளரிடமே நின்றால், பாட்டில் திரும்பி வராமல் இருப்பதுதான் அவருக்கு லாபம். நம் ஊர்ச் சட்ட வரைவு எதுவாக இருந்தாலும் நான் முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான். அந்தப் பணத்திலிருந்து, பாட்டிலை வாங்கி வைக்கும் கடைக்காரருக்கு ஒரு பாட்டிலுக்கு இவ்வளவு என்று கையாளும் கூலி கொடுக்கலாம்.

பொறுக்கி விற்பவர்களுக்கு இதில் ஆபத்தும் உண்டு, லாபமும் உண்டு. 40 பைசா பாட்டிலுக்கு 2 ரூபாய் டெபாசிட் வந்தால், வீட்டுக்காரர்களே பத்திரப்படுத்தித் திருப்புவார்கள். சாக்குக்காரருக்குக் கிடைப்பது குறையும். ஆனால் கிடைக்கிற ஒவ்வொன்றும் ஐந்து மடங்கு பெறும். ரசீது கேட்காமல், வாங்கினவர் யார் என்று கேட்காமல், மொத்தமாகச் சாக்கில் கொண்டுவந்தாலும் எண்ணிப் பணம் தரும் மையம் ஒவ்வொரு வார்டிலும் இருந்தால் அவர் பிழைத்துக்கொள்வார். பணம் யுபிஐயில் மட்டும்தான் வரும் என்று வைத்தால், ஸ்மார்ட்போன் இல்லாதவர் வெளியே நிற்பார்.

மாநிலம் முழுக்க ஒரே நாளில் தொடங்க வேண்டிய அவசியமில்லை. வாங்குவதும் குடிப்பதும் வீசுவதும் ஒரே வளாகத்தில் நடக்கும் இடங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் சட்டம் வரும்வரை காத்திருக்காமலே செய்யக்கூடியது கல்யாண மண்டபம். அங்கே குடிக்கிறவர் காசு கொடுப்பதில்லை, ஆகவே விருந்தாளியிடம் டெபாசிட் கேட்டுப் பயனில்லை. ஆனால் மண்டபம் பிடிக்கும்போதே முன்பணம் என்று ஒன்று வாங்குகிறார்கள், சேதம், சுத்தம் என்று அதில் கழிக்கவும் செய்கிறார்கள். அந்த ஒப்பந்தத்திலேயே, உள்ளே வந்த தண்ணீர் பாட்டில் பெட்டி எத்தனை, காலியாகத் திரும்பிய பாட்டில் எத்தனை என்று எண்ணி, குறைந்த பாட்டிலுக்கு 2 ரூபாய் வீதம் கழிக்கப்படும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சமையல் காண்டிராக்டரின் ஆட்களே மேசை மேசையாகப் போய்ப் பாட்டிலைச் சேர்ப்பார்கள். பாதி குடித்து வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பிறகு பழைய இரும்புக் கடையில் எடை போடும்போது சண்டை வரும்.