உறுதி முடிக்கும் நேரத்தில் மாறுகின்ற கணக்கிலக்கம்

யாழ்ப்பாணத்தில் வீடு வாங்குகின்றவர்கள் காணி உறுதியை, அதாவது உரிமைப் பத்திரத்தை, பார்ப்பதில் காட்டும் கவனத்தைக் குறைசொல்ல முடியாது. முப்பது வருடத்துத் தோம்பை, அதாவது காணிப் பதிவேட்டை, தேடுவிப்பார்கள். சீதன உறுதியா, நன்கொடை உறுதியா என்று கேட்பார்கள். விற்பவர் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண்ணாயின் கணவரின் சம்மதம் உண்டா என்று பார்ப்பார்கள். கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால், எல்லை வேலி என ஒவ்வொன்றாக விசாரிப்பார்கள். ஆனால், அந்த வீட்டின் பெறுமதி முழுவதையும் எந்தக் கணக்குக்கு அனுப்புவது என்ற கேள்வி வரும்போது, வட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ வந்த ஒற்றை வரியை அப்படியே நம்பிவிடுகிறார்கள். உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசாகத் தொழில் செய்யும் எனக்கு, உறுதியில் இருக்கக்கூடிய வில்லங்கத்தைவிட அந்த ஒற்றை வரியே இப்போது கூடுதல் கவலையைத் தருகிறது. உறுதியில் குறை இருந்தால் வழக்காடலாம். வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டாலும் காணி அதே இடத்தில் இருக்கும். பிழையான கணக்குக்குப் போன பணமோ சில மணித்தியாலங்களில் பல கைகளுக்குப் பிரிந்துவிடும்.

இங்கே விவரிக்கும் சம்பவம், என்னிடம் வந்த இரண்டு மூன்று விடயங்களை ஒன்றாக்கி, எவரையும் அடையாளம் காணமுடியாதவாறு இடங்களையும் உறவுமுறைகளையும் மாற்றி எழுதப்பட்டது. திருநெல்வேலிப் பக்கம் நான்கு பரப்புக் காணியும் கல்வீடும் விலைக்கு வந்தன. உரிமையாளரான பெண் ரொறன்ரோவில் இருக்கிறார். அவருடைய தம்பி கொக்குவிலில் இருந்து, அவர் சார்பில் செயற்பட அதிகாரமளிக்கும் அற்றோர்ணித் தத்துவத்தின் மூலம் கையொப்பமிட இருந்தார். வாங்குபவர் மானிப்பாயில் வசிக்கும் ஒரு அம்மா. பணம் கொடுப்பவர் இலண்டனில் உள்ள அவருடைய மகன். மகன் பிரித்தானியப் பிரஜையாகி, இரட்டைப் பிரஜாவுரிமை பெறாதவர் என்பதால், 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அவருடைய பெயருக்குக் காணியை எழுத முடியாது; ஆகவே உறுதி தாயாரின் பெயரில் எழுதப்படவிருந்தது. இவ்வாறு பணம் கொடுப்பவர் ஓரிடம், வாங்குபவர் ஓரிடம், விற்பவர் ஓரிடம், கையொப்பமிடுபவர் ஓரிடம் என நால்வர் மூன்று நாடுகளில் இருந்துகொண்டு ஒரே மின்னஞ்சல் தொடரில் பேசிக்கொள்வது நமது ஊரில் இப்போது விதிவிலக்கன்று, வழமை. மோசடிக்காரனுக்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை. ஏனெனில் இந்த நால்வரில் எவருக்கும் மற்ற மூவருக்கிடையில் என்ன பேசப்பட்டது என்பது முழுமையாகத் தெரியாது.

முற்பணம் ஒழுங்காகவே விற்பவரின் பெயரிலிருந்த கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. ஆடி பிறப்பதற்கு முன் உறுதி முடிக்கவேண்டும் என்று நாளும் குறித்தாயிற்று. நான்கு நாட்கள் இருக்கும்போது விற்பவரின் பெயரில் மகனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. முன்னர் தந்த கணக்கு வருடாந்தக் கணக்காய்வில் இருப்பதால் மிகுதிப் பணத்தைத் தனது கணவரின் சகோதரர் பெயரிலுள்ள கணக்குக்கு அனுப்பும்படியும், ஆடிக்கு முன் வேலை முடியவேண்டும் என்பதால் தாமதிக்க வேண்டாம் என்றும் அதில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. ஆடி மாதத்தைப் பற்றித் தெரிந்த ஒருவர் மோசடிக்காரனாக இருக்கமாட்டார் என்று எண்ணி மகன் பணத்தை அனுப்பிவிட்டதில் வியப்பில்லை. உண்மையில், அந்த வாக்கியம் விற்பவர் மூன்று வாரங்களுக்கு முன் எழுதிய மின்னஞ்சலிலிருந்து சொல் மாறாமல் எடுக்கப்பட்டது. மின்னஞ்சலை அனுப்பியவரின் முகவரியைப் பின்னர் ஊன்றிப் பார்த்தபோதுதான், ஆங்கில ‘எம்’ எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ என்ற இரண்டு எழுத்துகள் நெருங்கி நிற்பது தெரிந்தது. கைத்தொலைபேசித் திரையில் அந்த வேறுபாடு கண்ணுக்குப் படவே படாது. பல தொலைபேசிகளில் முகவரியே தெரியாது, பெயர் மட்டுமே தெரியும்.

இது எப்படி நடக்கிறது என்றால், முதலில் இந்த நால்வரில் ஒருவரின் மின்னஞ்சற் பெட்டி திறக்கப்படுகிறது. கடவுச்சொல்லைக் கேட்கும் போலிப் பக்கமொன்றில் அவர் அதைத் தட்டச்சு செய்திருப்பார். உள்ளே நுழைந்தவன் உடனே எதையும் செய்வதில்லை. ‘காணி’, ‘உறுதி’, ‘வங்கி’ போன்ற சொற்கள் உள்ள மின்னஞ்சல்களின் பிரதி தனக்கும் வருமாறு பெட்டியின் அமைப்பில் ஒரு விதியைப் போட்டுவிட்டு, விலை, நாள், உறவுமுறை, எழுத்துநடை என அனைத்தையும் வாரக்கணக்கில் வாசிக்கிறான். பெருந்தொகை கைமாறும் நாள் நெருங்கும்போதுதான் வாய் திறக்கிறான். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. நிறுவனத்துக்கு 2023 ஆம் ஆண்டில் முறையிடப்பட்ட இத்தகைய மின்னஞ்சல் மோசடிகளின் இழப்பு மட்டும் ஏறத்தாழ 290 கோடி டொலர். ஆகவே, படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று ஊரில் சொல்லப்படும் கதையை நான் ஏற்பதில்லை. மேற்சொன்ன மகன் கணக்காளராகத் தொழில் புரிபவர்.

‘பெயர் பொருந்தாவிட்டால் வங்கி நிறுத்திவிடும்தானே’ என்பது அடுத்ததாக நான் கேட்கும் வாதம். இந்தச் சம்பவத்தில் பெயர் பொருந்தியது, சிக்கலே அதுதான். கணவரின் சகோதரர் என்று சொல்லப்பட்ட பெயரும் கணக்கை வைத்திருந்தவரின் பெயரும் ஒன்றே. கூலிக்குத் தன் கணக்கைக் கொடுத்த யாரோ ஒருவர் அவர். பிரித்தானியாவில் 2020 முதல் பெறுநரின் பெயரைச் சரிபார்க்கும் முறை நடைமுறைக்கு வந்தது. யூரோ வலய நாடுகளில் 2025 ஒக்டோபர் முதல் வங்கிகள் அதைச் செய்யவேண்டியுள்ளது. அங்கிருக்கும் நமது பிள்ளைகள் இந்த வசதிக்குப் பழகிவிட்டதால், இலங்கைக் கணக்குக்கு அனுப்பும்போதும் அதே காவல் இருப்பதாக எண்ணுகிறார்கள். அவ்வாறு இல்லை. ஏமாற்றப்பட்டுப் பணம் அனுப்பியவருக்கு 85,000 பவுண் வரை வங்கிகள் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று 2024 ஒக்டோபர் 7 முதல் பிரித்தானியாவில் நடைமுறையிலுள்ள விதியும், அந்நாட்டுக் கணக்குகளுக்கிடையிலான கொடுப்பனவுகளுக்கே உரியது. எல்லை தாண்டிய பணத்துக்கு அது பொருந்தாது. உள்நாட்டிலும் இதே கவனம் வேண்டும்: செஃப்ட்ஸ் முறையில் வங்கிக்கு வங்கி அனுப்பும் பணம் உடனுக்குடன் வரவு வைக்கப்பட்டுவிடுவதால், பிழையை உணர்ந்து நிறுத்துவதற்கு இடைவெளியே கிடைப்பதில்லை.

உறவினரின் கணக்கு என்ற சொல்லில் நாம் சந்தேகப்படுவதே இல்லை என்பதுதான் என் பார்வையில் இதன் வேர். மச்சானின் கணக்குக்குப் போடுங்கள், சித்தப்பாவிடம் கொடுங்கள் என்பது எங்களுடைய கொடுக்கல் வாங்கலில் காலங்காலமாக இருந்துவரும் முறை. அதனுடன், திரும்ப அழைத்துக் கேட்டால் ‘என்னை நம்பவில்லையா’ என்று விற்பவர் மனம் நோவார் என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. விற்பவர்கள் பெரும்பாலும் தூரத்து உறவாகவோ ஒரே ஊராகவோ இருப்பதால் அந்தக் கூச்சம் இன்னும் கூடுகிறது. மகன் ஒரு அழைப்பு எடுத்திருந்தால் போதும். அக்காவிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கினேன் என்றுதான் பின்னர் சொன்னார்.

இந்தக் கூச்சத்தைப் போக்குவதற்கு அறிவுரையைவிட எழுத்து உதவுகிறது. ஆகவே, விற்பனை உடன்படிக்கையிலேயே கணக்கு விபரத்தை எழுதிவிடுவதை நான் வற்புறுத்துகிறேன். நான் இடும் வாசகம் ஏறத்தாழ இவ்வாறிருக்கும்: ‘மிகுதிப் பெறுமதியானது விற்பவரின் பெயரிலுள்ள மேற்குறித்த இலக்கமுடைய கணக்குக்கு மாத்திரம் செலுத்தப்படும், இவ்விலக்கத்தை மாற்றுவதாயின் இரு தரப்பாரும் நொத்தாரிசு முன்னிலையில் எழுத்தில் கையொப்பமிட வேண்டும், வேறெந்த வகையிலும் அறிவிக்கப்படும் மாற்றம் செல்லுபடியாகாது.’ இவ்வாறு எழுதிவிட்டால் திரும்பக் கேட்பது அவமரியாதை ஆகாது. உடன்படிக்கை அப்படிச் சொல்கிறது என்று கூறிவிடலாம். விற்பவர் வெளிநாட்டில் இருந்தால், அற்றோர்ணித் தத்துவத்தில் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரமும் கொடுக்கப்பட்டுள்ளதா, கையொப்பமிடும் அதிகாரம் மட்டும்தானா என்பதையும் வாசித்துப் பார்க்கவேண்டும். இரண்டும் ஒன்றல்ல. தம்பியின் கணக்குக்குப் போன பணம் தனக்கு வரவில்லை என்று அக்கா பிறகு சொல்லும் தகராறுகளுக்கு மோசடிக்காரனே தேவையில்லை.

உறுதிப்படுத்துவதற்கு எடுக்கும் அழைப்பு, நீங்கள் முன்பே அறிந்திருந்த இலக்கத்துக்கே செல்லவேண்டும். கணக்கு மாறிவிட்டதாகச் சொல்லும் செய்தியிலேயே ஒரு தொலைபேசி இலக்கமும் இருக்கும். அதை அழைத்தால் மோசடிக்காரனே பதில் சொல்வான். குரற்செய்தியை நம்பவேண்டாம், ஒருவருடைய குரலைப் போலச் செய்வது இன்று கடினமான காரியமன்று. உறுதியிலோ மின்னஞ்சலிலோ இல்லாத எதையாவது கேளுங்கள். வீட்டின் எல்லைகளும் கிணற்றுப் பங்கும் உறுதியின் பிரதியிலேயே இருப்பதால் அவற்றைக் கேட்டுப் பயனில்லை. அந்தப் பிரதியையும் நாம்தான் குடும்பக் குழுக்களில் பகிர்ந்து வைத்திருக்கிறோம். முதலில் ஆயிரம் ரூபாய் அனுப்பிப் பார்ப்பதும் நல்லதே, ஆனால் அது கிடைத்ததா என்று அதே மின்னஞ்சல் தொடரில் கேட்டால் அந்தப் பரிசோதனைக்குப் பொருளில்லை.

முடியுமாயின், மிகுதிப் பணத்தை வங்கிக் கட்டளையாக எடுத்துவந்து உறுதியில் கையொப்பமிடும் மேசையிலேயே கொடுப்பதுதான் இன்றும் சிறந்த வழி. பணம் தன் முன்னிலையில் கைமாறியதா, எவ்வளவு கைமாறியது என்பதை நொத்தாரிசு தனது அத்தாட்சியுரையில் குறிப்பிட வேண்டும் என்று நொத்தாரிசுக் கட்டளைச்சட்டம் கூறுகிறது. அந்த ஏற்பாட்டைச் சம்பிரதாயம் என்று நினைக்காமல் பயன்படுத்திக்கொள்ளலாம். முத்திரைத் தீர்வைக்கும் கட்டணத்துக்கும் உரிய பணத்தைப் புதிய கணக்குக்கு அனுப்பும்படி சட்டத்தரணியின் பெயரிலேயே செய்திகள் வருவதுண்டு என்பதால், என் கட்சிக்காரரிடம் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எனது கணக்கு மாறினால் அதை நேரில் மாத்திரமே சொல்வேன்.

வங்கியைத் தவிர்த்து ஆட்கள் மூலம் பணம் அனுப்பும் உண்டியலைப் பற்றியும் சொல்லவேண்டும். வங்கிக் கட்டணம் மிச்சம், நாணய மாற்று விகிதம் நல்லது என்று பலர் வீட்டுப் பணத்தையே உண்டியலில் அனுப்புகிறார்கள். அது இடையில் நின்றுபோனால் காட்டுவதற்கு ஒரு பற்றுச்சீட்டும் இராது. முறையிடப் போனால் முதற்கேள்வி உங்களை நோக்கித்தான் வரும். இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர்கள் தங்கள் பெயரிலேயே வாங்குவதாயின், பணத்தை உள்முக முதலீட்டுக் கணக்கினூடாகக் கொண்டுவருவது நல்லது. பின்னொரு நாளில் வீட்டை விற்றால் அந்தப் பணத்தை வெளிநாட்டுக்கு எடுத்துச்செல்ல அந்தத் தடம் தேவைப்படும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே அனுப்பிய வங்கியை அழைக்கவேண்டும்; பிரித்தானியாவில் 159 என்ற இலக்கம் பெரும்பாலான வங்கிகளின் மோசடிப் பிரிவுடன் இணைக்கும். மோசடி என்ற சொல்லைத் தெளிவாகச் சொல்லி, வங்கிகளுக்கிடையிலான சர்வதேசச் செய்தி வலையமைப்பான ஸ்விஃப்ட் வழியாக, பணத்தைத் திருப்பி அனுப்பக் கேட்கும் மீளழைப்புக் கோரிக்கையை அனுப்பும்படி கேளுங்கள். அதேவேளை இங்குள்ள ஒருவர் பெறுநர் வங்கியின் கிளைக்கு நேரில் சென்று, பரிமாற்ற இலக்கத்தையும் போலி மின்னஞ்சலின் பிரதியையும் எழுத்து மூலமான முறைப்பாட்டுடன் கொடுத்துக் கணக்கை இடைநிறுத்தும்படி கோரவேண்டும். பொலிஸ் முறைப்பாடு கையிலிருந்தால் வங்கி விரைவாக இயங்கும். மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்குச் சந்தேகத்துக்குரிய பரிமாற்றத்தை இடைநிறுத்தும் அதிகாரம் 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டத்தில் உண்டு. வங்கி அதற்கு அறிக்கையிட்டதா என்று கேட்டறியுங்கள். மின்னஞ்சற் பெட்டியின் கடவுச்சொல்லை மாற்றுவதுடன் நின்றுவிடாமல், அதில் இடப்பட்டுள்ள பகிர்வு விதியையும் தேடி நீக்கவேண்டும். இல்லாவிட்டால் உங்கள் முறைப்பாட்டையும் அவன் வாசித்துக்கொண்டிருப்பான். மேற்சொன்ன சம்பவத்தில் கணக்கில் எஞ்சியிருந்த ஒரு பகுதி மாத்திரமே நிறுத்திவைக்கப்பட்டது. மகன் சந்தேகப்பட்டது மூன்றாம் நாளில்.

அதன்பின்னர் இன்னொரு அழைப்பு வரக்கூடும். இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகவும், அதற்கு முன்கட்டணமாகச் சில இலட்சம் செலுத்தவேண்டும் என்றும், பொலிஸ் அதிகாரியாகவோ சர்வதேச நிறுவனமொன்றின் சட்ட ஆலோசகராகவோ தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு யாரோ பேசுவார்கள். உங்கள் இழப்பின் தொகையையும் திகதியையும் சரியாகச் சொல்வார்கள். அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்களில் முதலில் திருடியவனும் ஒருவன் என்பதால், பொலிஸ் நிலையமும் வங்கியும் தந்த முறைப்பாட்டு இலக்கங்களைக் கேட்டு, நீங்களே அந்த அலுவலகங்களுக்குச் சென்று விசாரிக்கும் வரை ஒரு சதமும் கொடுக்கவேண்டாம்.