குதிகாலில் கரும்புள்ளி, கையில் எல்.டி.எச். ரிப்போர்ட்

"சார், அம்மாவுக்குக் கேன்சர் பரவிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஒருவர் லேப் ரிப்போர்ட்டை நீட்டினார். எல்.டி.எச். என்ற வரியில் எண் தடித்த எழுத்தில் இருந்தது, பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. அம்மாவின் குதிகாலில் கறுத்த திட்டு. கால் ஆணி என்று நினைத்து ஒரு வருடமாக பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார்கள். பயாப்ஸி, அதாவது திசுவை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை, இன்னும் செய்யவே இல்லை.

எல்.டி.எச். நம் செல்கள் எல்லாவற்றிலும் இருக்கும் புரதம். செல் உடைந்தால் ரத்தத்தில் கலக்கும். மெலனோமா என்கிற தோல் புற்றுநோய் உடலெங்கும் பரவிய நிலையில் இந்த அளவு ஏறியிருந்தால் நோய் கடுமையாகப் போகும் என்று கணிக்கிறோம். நான்காம் கட்டத்தை வகைப்படுத்தும்போதே இதையும் சேர்த்துத்தான் குறிக்கிறோம். ஆனால் சிவப்பணுக்களிலும் இதே புரதம் நிறைய உண்டு. நரம்பு கிடைக்காமல் சிரமப்பட்டு ரத்தம் எடுத்தாலோ, குழாயை வேகமாகக் குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடைந்து எண் எகிறிவிடும். அந்த ரிப்போர்ட்டின் அடியில் 'சிவப்பணுக்கள் உடைந்த மாதிரி' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். மறுபடி எடுத்தோம், அளவு சரியாகவே இருந்தது. அந்த ஒரு வரியைப் படிக்காததால் ஒரு குடும்பமே இரண்டு நாள் தூங்கவில்லை.

எஸ்100பி என்று இன்னொரு புரதம் இருக்கிறது. ஜெர்மனி, சுவிட்சர்லாந்தில் சிகிச்சைக்குப் பின் நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்க அதைப் பார்க்கிறார்கள். தலையில் அடிபட்டாலும் அது ஏறும். கட்டியின் திசுவில் பார்க்கும் பி.டி.-எல்1 புரதம் இல்லாதவர்களிலும் சிலருக்கு இம்யூனோதெரபி (நம் எதிர்ப்பு சக்தியையே புற்றுக்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை) நன்றாக வேலை செய்கிறது. அதனால் அதை மட்டும் வைத்து மருந்தை மறுக்கக் கூடாது.

ஆரம்பக் கட்டத்தில் என்னை வழிநடத்துவது மில்லிமீட்டர்தான். கட்டி தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று நுண்ணோக்கியில் அளக்கும் முறையை 1970-இல் அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ வெளியிட்டார். இன்றும் அதற்கு ஈடாக எந்த ரத்தப் பரிசோதனையும் வரவில்லை. அதனால்தான் கரும்புள்ளியைச் சுடாதீர்கள், மேலாகச் சீவாதீர்கள் என்று கெஞ்சுகிறேன். சீவிவிட்டால் ஆழம் தெரியாமலே போய்விடும். நம் நிறத்தவர்களுக்கு மெலனோமா அபூர்வம்தான், ஆனால் வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வரும். வளர்கிற திட்டோ, நகத்தில் நீளவாட்டில் அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோடோ தெரிந்தால் முதலில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். லேப் அப்புறம்.

அந்த அம்மாவுக்குப் பயாப்ஸி எடுத்தோம். மெலனோமாதான், ஆழம் 1.8 மி.மீ. வந்தது. அடுத்த வாரம் குதிகாலில் அறுவை சிகிச்சை. நோய் பரவினால் முதலில் போய்ச் சேரும், தொடை இடுக்கில் உள்ள நிணநீர் முடிச்சையும் அப்போதே எடுத்துப் பார்க்கப்போகிறோம்.