மிங்க்: போர்வையில் ஒட்டிக்கொண்ட விலங்கு

போன மார்கழியில் ஈரோடு ஜவுளிச் சந்தையில் அம்மிச்சிக்கு ஒரு போர்வை வாங்கினேன். பையின் மேல் 'மிங்க்' என்று போட்டிருந்தது. அம்மிச்சி தடவிப் பார்த்துவிட்டு, "இது எந்த மிருகத்தோட ரோமம் கண்ணு?" என்று கேட்டார். எந்த மிருகமும் இல்லை, முழுக்க பாலியஸ்டர். ஆனால் அந்தப் பெயரில் ஒரு மிருகம் உண்டு.

மிங்க் நம் நாட்டில் இல்லாத விலங்கு. வட அமெரிக்காவில் ஓர் இனம், ஐரோப்பாவில் இன்னொன்று. நீண்ட உடல், குட்டைக் கால், விரல்களுக்கு நடுவே பாதிச் சவ்வு. ஆற்றங்கரையில் மீன், தவளை, எலி பிடித்துத் தின்னும். பார்த்தால் கீரி போலத் தோன்றும், ஆனால் கீரி வேறு குடும்பம். மிங்க்குக்குச் சொந்தம் நம் மோயாற்றிலும் அமராவதியிலும் நீந்தும் நீர்நாய்தான். ஐரோப்பிய இனத்தின் அறிவியல் பெயரில் வரும் 'லூட்ரியோலா'வுக்கு லத்தீனில் குட்டி நீர்நாய் என்றே பொருள்.

சரி, மிங்க்கைத் தமிழில் 'சிறு நீர்நாய்' என்று சொல்லிவிடலாமே? எனக்கும் ஆசைதான். ஆனால் வால்பாறை ஓடைகளில் உண்மையிலேயே சிறிய நீர்நாய் இனம் ஒன்று வாழ்கிறது. அதன் பெயரைப் பிடுங்கக் கூடாது. விலங்கை மிங்க் என்றே எழுதுவோம்.

இந்தச் சொல் 15ஆம் நூற்றாண்டில், ஸ்காண்டிநேவிய மொழி ஒன்றிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதாகக் கருதுகிறார்கள். முதலில் அது தோலுக்குத்தான் பெயர், விலங்குக்கு அப்புறம்தான் வந்தது. மேலே தண்ணீர் ஒட்டாத நீள மயிர், அடியில் நெருக்கமான மென்மயிர். அதற்காகவே பண்ணைகளில் வளர்த்துக் கொல்கிறார்கள். 2020இல் பண்ணை மிங்க்குகளிடம் கொரோனா பரவியதால் டென்மார்க்கில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல் கொன்றார்கள். இந்தியா 2017இலேயே மிங்க் தோல் இறக்குமதிக்குத் தடை போட்டுவிட்டது.

மிங்க் தோலைத் தமிழில் 'கம்பளி' என்று எழுதினால் தவறு. கம்பளிக்கு ஆட்டின் மயிரைக் கத்தரிப்பார்கள். ஆடு மறுபடி மேய்ச்சலுக்குப் போகும், மயிரும் மறுபடி வளரும். மிங்க்கிடம் உரிப்பது உயிர் போன பிறகு, மயிரோடு சேர்ந்த தோலை. ஆகவே 'மென்மயிர்த்தோல்' என்பதே சரியான சொல்.

அம்மிச்சியின் போர்வை இந்த இரண்டிலும் சேராது. சென்னிமலைப் போர்வைக்கு அது நெய்யப்படும் ஊரின் பெயர். இதற்கு மட்டும் எதற்கு, பார்த்தே இராத ஒரு விலங்கின் பெயர்? 'பொசுபொசு போர்வை' என்று கேட்டாலே சந்தையில் எடுத்துப் போடுகிறார்கள்.