புதுக் கணினி வாங்க முதல் அந்த நாலு எண்களைப் பாருங்கள்

போன மாதம் பரந்தனிலிருந்து ஒரு அக்கா தன் கணினியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிக்கு, கணினி திருத்துகிற என்னிடம் வந்தார். தூசி படக்கூடாதென்று பெட்டியைப் பழைய பெட்சீற்றால் சுற்றியிருந்தார். ஏ9 வீதியோரம் சின்னதாக ஒரு கொமினிகேஷன் நடத்துகிறார். போட்டோக்கொப்பி, ஸ்கான், ரீலோட், உயர்தரம் எழுதின பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, எல்லாம் அந்த ஒரு மெஷினில்தான். பிள்ளைகள் வரிசையில் நிற்க, வேர்ட் திறக்கவே மூன்று நிமிடம் எடுக்கிறதாம்.

"தம்பி, இனி இது சரிவராது. கையில காப்பு ரெண்டு கிடக்கு. அடகு வச்சுப் புதுசு ஒண்டு எடுப்பம் எண்டு இருக்கிறன். எது நல்லது எண்டு சொல்லுங்கோ."

நான் பெட்டியைக் கழற்றவில்லை. திரையைக் கொழுவி ஓன் பண்ணி, கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினேன். மெஷினில் எது எவ்வளவு எடுக்கிறது என்று காட்டுகிற டாஸ்க் மனேஜர் வந்தது. கணினியின் மூளையான சிபியு 12 வீதம். மெமரி, அதாவது றாம், 91 வீதம். டிஸ்க் 100 வீதம், கடும் நிறத்தில். அக்கா ஒரு வேலையும் தொடங்கவில்லை, மெஷின் அப்போதுதான் எழும்பியிருந்தது. ஸ்டார்ட்அப் பக்கத்தைத் திறந்தால் மெஷினோடு சேர்ந்து எழும்புகிற புரோகிராம் பதினேழு. பிரின்டரோடு வந்தவை மூன்று, யாரோ ஒரு பிள்ளை படம் இறக்கப் போட்டுவிட்டுப் போன டொரன்ட் ஒன்று, அதோடு இரண்டு அன்ரிவைரஸ். ஒன்று திறக்கிற ஃபைலை மற்றது சோதிக்க, மற்றது திறப்பதை இது சோதிக்க, பாவம் அந்த ஹாட் டிஸ்க் விடியத் தொடங்கி இரவு வரை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

ஒரு அன்ரிவைரஸை எடுத்தேன். தேவையில்லாத பதினொன்றை வலது கிளிக் செய்து டிஸேபிள் கொடுத்தேன். இப்படிச் செய்தால் புரோகிராம் அழியாது, தானாக எழும்பாது, அவ்வளவுதான். பிறகு 4 ஜீபி றாமை 8 ஆக்கி, ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க் ஒன்று போட்டோம். புது மெஷினின் விலையில் சின்னப் பங்குதான் செலவு. காப்பு கையிலேயே திரும்பிப் போனது.

இந்தக் கதையை எழுதுவதற்குக் காரணம், என்னிடம் வருகிற பலர் பார்க்காமலே முடிவெடுத்துவிட்டு வருகிறார்கள். "ஸ்லோ" என்றால் போமற் (எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைத் திரும்பப் போடுவது), இல்லாவிட்டால் புதுசு. வன்னியில் ஒரு குடும்பம் கணினிக்கு ஒன்றரை லட்சம் போடுவதென்றால் அது நெல்லுக் காசு, வெளிநாட்டில் நிற்கிற பிள்ளை அனுப்பின காசு, இல்லை அடகுக் காசு. அதைச் செலவழிக்க முதல் ஐந்து நிமிடம் பாருங்கள் என்று கேட்கிறேன். மாரி தொடங்கினால் இரணைமடுக் குளம் எத்தனை அடி என்று காலையில் முதல் கேள்வியாகக் கேட்கிற ஊர் இது. குளத்துக்குப் பார்க்கிற மட்டத்தைக் கணினிக்கும் பார்க்கலாம்.

டாஸ்க் மனேஜர் புதிய சாமானில்லை. டேவ் பிளம்மர் என்ற மைக்ரோசொப்ட் பொறியியலாளர் எழுதியது, 1996இல் விண்டோஸ் என்டி 4.0 உடன் வந்தது. அந்த ஆண்டு வன்னிக்கு மின்சாரமே இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட சனம் நாங்கள். எவ்வளவு வருகிறது, எது எவ்வளவு எடுக்கிறது என்று கணக்குப் பார்த்துப் பாவிக்க எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. எங்கே பார்ப்பதென்று தெரிந்தால் போதும்.

சரி, பார்ப்பது எப்படி? முதலாவது பக்கத்தில் சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வேர்க் என்று நாலு நிரல் இருக்கும். எந்த நிரல் நிறைந்திருக்கிறதோ அதன் தலைப்பில் ஒரு கிளிக் செய்தால், அதிகம் எடுக்கிற புரோகிராம் மேலே வந்து நிற்கும். ஒரு எண் ஒரு நொடி ஏறி இறங்கினால் பயப்பட ஒன்றுமில்லை. வேலை ஒன்றும் செய்யாமல் இரண்டு மூன்று நிமிடம் அப்படியே உயர்ந்து நிற்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு குழப்பத்தை நான் அடிக்கடி காண்கிறேன். டீட்டெயில்ஸ் பக்கத்தில் 'சிஸ்டம் ஐடில் புரோசஸ்' என்று ஒன்று 95, 97 என்று காட்டும். அதை வைரஸ் என்று நினைத்து போமற் அடித்தவர்களும் இருக்கிறார்கள். அது சிபியு சும்மா இருக்கிற அளவு. 97 என்றால் மூன்று வீதம்தான் வேலை நடக்கிறது, மெஷின் நல்ல சுகம்.

மெமரியும் டிஸ்கும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. றாம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும், தேவைப்படும்போது திருப்பி எடுக்கும். பழைய ஹாட் டிஸ்க் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அதனால் டிஸ்க் 100 என்று காட்டினாலும் நோய் றாமில் இருக்கலாம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். குறோமில் இருபது தாள் திறந்து வைத்துவிட்டு டிஸ்க்கைக் குறை சொல்ல முடியாது.

சிபியுவில் இன்னொரு எண் உண்டு, ஒருவரும் கவனிப்பதில்லை. பேர்ஃபோமன்ஸ் பக்கத்தில் ஸ்பீட் என்று கிகாஹேர்ட்ஸில் காட்டும், பக்கத்திலேயே பேஸ் ஸ்பீட், அதாவது அந்தச் சிபியுவின் அடிப்படை வேகம், என்றும் இருக்கும். பாரமான வேலை நடக்கும்போது முதல் எண் இரண்டாவதைவிட நன்றாகக் கீழே விழுந்து நின்றால் மெஷின் வெக்கையில் தவிக்கிறது என்று சந்தேகப்படுங்கள். சூடு கூடினால் சிபியு தன்னைக் காப்பாற்ற வேகத்தைத் தானே குறைக்கும். சோளகம் வீசுகிற மாதங்களில் கிரவல் வீதியோரக் கடைகளில் இருந்து வருகிற லப்டொப்களைத் திறந்தால், விசிறிக்கும் அதன் வாய்க்கும் நடுவில் செம்மண் தூசி கம்பளித் துண்டு மாதிரிப் படிந்திருக்கும். அதைத் துப்புரவாக்கி, சிபியுவின் சூட்டைக் கடத்துகிற, காய்ந்துபோன பேஸ்ட்டை மாற்றினாலே பாதிப் பிரச்சினை போய்விடும். லப்டொப்பை மெத்தையில் வைத்துப் பாவிக்காதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

நெட்வேர்க் நிரல் காசோடு சம்பந்தப்பட்டது. இங்கே பலர் போன் ஹொட்ஸ்பொட்டில்தான் கணினிக்கு இன்ரநெற் எடுக்கிறார்கள். டேட்டா எப்படி முடிகிறதென்று தெரியாமல் கார்ட்டுக்கு மேல் கார்ட் போடுகிறார்கள். பின்னால் விண்டோஸ் அப்டேட் இறங்கிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் மைக்ரோசொப்ட்டின் இணையச் சேமிப்பான வன்டிரைவ் படங்களை மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். அந்த வைஃபையின் செட்டிங்கில் 'மீற்றர்ட் கனெக்ஷன்' என்பதை ஓன் பண்ணினால் பெரும்பாலும் அடங்கும். அப்டேட்டையே நிறுத்திவிடாதீர்கள், இணைப்பு மலிவாகக் கிடைக்கிற இடத்துக்குக் கொண்டுபோய் மாதம் ஒருக்கா முழுதாகச் செய்யுங்கள்.

டாஸ்க் மனேஜரை ஒவ்வொரு முறையும் திறக்க அக்காவுக்குப் பொறுமை இருக்காது என்று எனக்குத் தெரியும். அதனால் றெயின்மீற்றர் என்கிற சின்ன இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். டெஸ்க்டொப்பின் ஓரத்தில் ஒட்டிவைத்த துண்டு மாதிரி நிற்கும். நிறுவியவுடன் வருகிற 'இலஸ்ட்ரோ' என்ற தோற்றத்திலேயே சிபியு, றாம், டிஸ்க்கில் எவ்வளவு இடம் போய்விட்டது எல்லாம் கோடுகளாகத் தெரியும். ஒவ்வொரு தோற்றமும் நோட்பேட்டில் திறக்கக்கூடிய எழுத்து ஃபைல்தான், அதனால் வேண்டியபடி மாற்றலாம். அக்காவின் டெஸ்க்டொப்பில் எழுபது ஐகன் கிடந்தது. ஸ்கானரைத் தேடுவதற்குள் வந்த ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார். நான் அந்தத் துண்டின் கீழே நாலு பொத்தான் எழுதினேன்: வேர்ட், ஸ்கானர், குறோம், இன்றைய வேலைகள் கிடக்கிற ஃபோல்டர். மேலே அளவு, கீழே திறப்பு. பொத்தானை அழுத்த முதல் கண் தானாகக் கோட்டில் படும். றாம் கோடு நிரம்பியிருந்தால் பழைய தாள்களை மூடிவிட்டுத்தான் இப்போது அடுத்ததைத் திறக்கிறார். நான் சொல்லிக் கொடுத்த பழக்கமில்லை, அவராகப் பழகியது.

ஒன்று கவனியுங்கள். அளவு பார்க்கிற மென்பொருளும் றாம் எடுக்கும். அந்தத் தோற்றத்தில் அப்டேட் என்ற வரியில் 1000 என்று இருந்தால் நொடிக்கு ஒருக்கா அளக்கிறது என்று பொருள். பழைய மெஷினுக்கு அதை 5000 ஆக்கிவிட்டேன், ஐந்து நொடிக்கு ஒருக்கா போதும். அசைகிற, ஒளிருகிற தோற்றங்களைப் பழைய மெஷினில் போடவே வேண்டாம். வேறு ஒன்றும் நிறுவ மனமில்லாதவர்கள், அடிக்கடி பாவிக்கிறதைக் கீழ்ப்பட்டையில் பின் பண்ணிவிட்டு விண்டோஸ் விசையோடு 1, 2, 3 என்று அழுத்திப் பாருங்கள், வரிசைப்படி திறக்கும்.

எங்கிருந்து இறக்குகிறீர்கள் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். விண்டோஸ் 7இல் சிபியு மீற்றர் கட்ஜெட் ஒன்று எல்லோருடைய திரையிலும் சுற்றிக்கொண்டிருந்தது நினைவிருக்கும். பாதுகாப்புக் குறையைக் காரணம் காட்டி, அந்தக் கட்ஜெட்களை முடக்கிவிடச் சொல்லி 2012 ஜூலையில் மைக்ரோசொப்ட்டே அறிவித்தது. மணிக்கூடு மாதிரிச் சின்ன சாமான், ஆனால் அதற்குள்ளாலும் கள்ளன் வரலாம். றெயின்மீற்றரை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள், யாரோ பென்ரைவில் தருவதை வாங்காதீர்கள். 'பூஸ்டர்', 'றாம் கிளீனர்' என்ற பெயரில் வருபவற்றை நான் எந்த மெஷினிலும் விடுவதில்லை. அவை மற்றப் புரோகிராம்களை றாமிலிருந்து வெளியே தள்ளும், எண் குறைந்து அழகாகத் தெரியும். அடுத்த நிமிடம் அதே புரோகிராம் தேவைப்பட, டிஸ்க்கிலிருந்து திரும்ப எடுக்க வேண்டும். முன்னையைவிட மெதுவாகும்.

அறிவியல் நகரில் படிக்கிற ஒரு தம்பியின் லப்டொப் அப்படித்தான் வந்தது. விசிறி ஓயாமல் இரைகிறது, ஆனால் டாஸ்க் மனேஜரைத் திறந்தால் எல்லாம் அமைதி. மூடினால் மறுபடி இரைச்சல். அவருடைய மெஷினில் றெயின்மீற்றரைப் போட்டு டாஸ்க் மனேஜரை மூடிவிட்டுக் காத்திருந்தோம். சிபியு கோடு மெல்ல ஏறி 80இல் நின்றது. டாஸ்க் மனேஜர் திறக்கிறதைக் கண்டால் ஒளிந்துகொள்கிற கிரிப்டோ மைனர் அது, வேறு யாருக்கோ டிஜிட்டல் காசு உழைக்க மெஷினைக் களவாகப் பாவிக்கிற புரோகிராம். கிராக் பண்ணின சொப்ட்வெயார் ஒன்றோடு வந்திருக்கிறது. 'எஸ்விசிஹோஸ்ட்' என்று விண்டோஸின் சொந்தப் பெயரையே வைத்திருந்தது, ஆனால் சிஸ்டம்32 ஃபோல்டரில் இல்லாமல் ஆப்டேட்டாவுக்குள் குடியிருந்தது. சந்தேகமான பெயரில் வலது கிளிக் செய்து 'ஓபன் ஃபைல் லொகேஷன்' கொடுத்தால் இது தெரிந்துவிடும். தம்பியின் பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் வேறு மெஷினிலிருந்து மாற்றச் சொன்னேன். விண்டோஸையும் புதிதாகப் போட்டோம், அப்படியானதில் பாதித் துப்புரவில் எனக்கு நம்பிக்கையில்லை.

உண்மையிலேயே மாற்ற வேண்டிய மெஷினும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. வங்கி வேலை, அலுவலக வேலை செய்கிறவர்கள் அதை யோசிக்கத்தான் வேண்டும். அது பாதுகாப்புக் கணக்கு, வேகத்தோடு சேர்த்துக் குழப்பாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் சொல்ல நினைப்பது டிஸ்க் பற்றியது. பேர்ஃபோமன்ஸில் டிஸ்க்கைத் தொட்டால் 'அவரேஜ் ரெஸ்பொன்ஸ் டைம்' என்று மில்லிசெக்கனில் ஒரு எண் காட்டும். நல்ல டிஸ்க்கில் ஓர் இலக்கம், இரண்டு இலக்கம். அது ஆயிரக்கணக்கில் நிற்க, வாசிக்கிற வேகம் சில கேபியாகக் கிடந்து, மேலே 100 வீதம் என்று காட்டினால், அந்த டிஸ்க் சாகப் போகிறது என்று சந்தேகப்படுங்கள். இங்கே கரண்ட் போய்ப் போய் வருகிறதில் இப்படிப் பழுதாகிறவை நிறைய. அந்த நேரம் போமற் அடிக்காதீர்கள். திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் பண்ணாதீர்கள். திருத்துகிற மென்பொருளை ஓடவிடாதீர்கள். முதலில் தேவையானதை மட்டும் வேறு டிஸ்க்குக்கு எடுங்கள்.

விசுவமடுப் பக்கத்திலிருந்து ஒரு ஐயா வந்திருந்தார். ஒரு கடையில் போமற் அடிக்கச் சொல்லிவிட்டார்களாம், மனம் கேட்காமல் என்னிடம் கொண்டு வந்தார். ரெஸ்பொன்ஸ் டைம் 4,000ஐத் தாண்டி நின்றது. உள்ளே என்ன இருக்கிறது ஐயா என்று கேட்டேன். 2009இல் ஒவ்வொரு இடமாக இடம்பெயர்ந்து போகையில் வீட்டு அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற சொந்தக்காரர் தங்களிடம் இருந்த பிரதிகளை ஸ்கான் பண்ணி அனுப்ப, பத்து வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்திருக்கிறார். எல்லாம் அந்த ஒரு டிஸ்க்கில்.

மெஷினை நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் போட்டு, அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் கொப்பி பண்ண விட்டோம். டிஸ்க்குக்கு மேசை விசிறியைத் திருப்பி வைத்தேன். பின்னேரம் தொடங்கியது, அடுத்த நாள் காலை பத்து மணிக்கு முடிந்தது. மூன்று படம் வரவில்லை. ஐயா ஃபோல்டரைத் திறந்து கீழே கீழே இழுத்துக்கொண்டு போனார். கோயில் வாசலில் ஒரு பெண், பக்கத்தில் சைக்கிளைப் பிடித்தபடி ஒரு பையன். "இது இருக்குது" என்றார். வேறொன்றும் கதைக்கவில்லை.

இரண்டு பிரதி போட்டுக் கொடுத்தேன். ஒன்று அவரிடம், மற்றது வவுனியாவில் மகள் வீட்டில்.